52-ஆ, 54-ஆ? ரோடு பைக் ஃபிரேமில் உண்மையில் பார்க்க வேண்டியது

கேள்வி இது: உயரம் 168 செ.மீ. இதுவரை ஓட்டியது ஹைப்ரிட். ரோடு பைக் வாங்கப் போனால் ஒரு கடையில் 52 என்கிறார்கள், இன்னொரு கடையில் 54 என்கிறார்கள். நண்பரின் 54 அளவு ரேஸ் பைக்கை இ.சி.ஆரில் ஓட்டிப் பார்த்தபோது 30 கிலோமீட்டருக்குள் கழுத்து பிடித்துக்கொண்டது, சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) போக ஆசை. ஃபிரேமின் ஜியாமெட்ரிக்கும் (குழாய்களின் நீளம், கோணம்) இந்த வலிக்கும் என்ன தொடர்பு, எதை வாங்குவது?

முதலில் அந்த 52, 54 எண்களை ஓரமாக வைத்துவிடுங்கள். ஒரு காலத்தில் அவற்றுக்கு நேரடியான பொருள் இருந்தது. மேல் குழாய் தரைக்கு இணையாக இருந்த நாட்களில் சீட் குழாயின் நீளம் 54 செ.மீ. என்றால் அது 54 அளவு ஃபிரேம். அப்போதும்கூட சிலர் குழாயின் நடுவரைக்கும் சிலர் உச்சிவரைக்கும் அளந்ததால் ஒரே ஃபிரேமின் அளவில் ஒரு செ.மீ. கூடும், குறையும். 1990-களின் பிற்பகுதியில் மைக் பர்ரோஸ் வடிவமைத்த, ஜயன்ட் நிறுவனத்தின் டி.சி.ஆர். ரோடு பைக் வந்தது. மேல் குழாய் பின்னோக்கிச் சரிந்தது, சீட் குழாய் குட்டையானது, ஏகப்பட்ட அளவுகளுக்குப் பதிலாக சிறியது, நடுத்தரம், பெரியது என்று சில அளவுகளே போதும் என்றானது. இன்று கிட்டத்தட்ட எல்லா நிறுவனங்களும் சரிந்த மேல் குழாயோடுதான் செய்கின்றன. 54 என்று எழுதியிருக்கும் ஃபிரேமில் எந்தக் குழாயை அளந்தாலும் 54 வராமல் போகலாம். ஆகவே இரண்டு கடைக்காரர்களுமே சரியாகச் சொல்லியிருக்க வாய்ப்பு உண்டு. ஒரு நிறுவனத்தின் 52-ம் இன்னொரு நிறுவனத்தின் 54-ம் உங்கள் கைக்கு ஒரே இடத்தில் வந்து நிற்கலாம்.

பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு: ஸ்டாக், ரீச். பெடல் அச்சு சுழலும் இடமான பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து, ஃபிரேமின் முன்பக்கக் குட்டைக் குழாயான ஹெட் டியூபின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். அதே புள்ளியிலிருந்து அந்த விளிம்பின் நடு எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். பெரும்பாலான நிறுவனங்களின் தளத்தில் ஜியாமெட்ரி அட்டவணையில் இவை இருக்கும். பழைய பைக், அட்டவணை கிடைக்கவில்லை என்றால் வீட்டிலேயே அளக்கலாம். சமமான தரையில் பின் சக்கரம் சுவரைத் தொடும்படி பைக்கை நேராக நிறுத்தி, யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) போல்ட்டின் நடுவுக்கு, தரையிலிருந்து எவ்வளவு, சுவரிலிருந்து எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹெட் டியூபின் மேல்விளிம்பின் நடுவுக்கும் அதே இரண்டு அளவுகள். உயரங்களைக் கழித்தால் ஸ்டாக், சுவர்த் தூரங்களைக் கழித்தால் ரீச். ஹெட் டியூப் முன்னால் இருப்பதால் அங்கிருந்து சுவருக்கு நேராக டேப் பிடிக்க வராது. ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்து அளந்தால் சரியாக வரும்.

இந்த எண்கள் என்ன சொல்கின்றன என்பதற்கு ட்ரெக் நிறுவனத்தின் இரண்டு பைக்குகளை எடுத்துக்கொள்வோம். எமோண்டா ரேஸ் வகை, டொமானே எண்டியூரன்ஸ், அதாவது நெடுந்தூர வகை. இரண்டிலும் 54 அளவு உண்டு. வட்டு பிரேக் வந்த பிந்தைய தலைமுறையில் எமோண்டா 54-ன் ஸ்டாக் சுமார் 541 மி.மீ., ரீச் 384 மி.மீ. டொமானே 54-ன் ஸ்டாக் சுமார் 575, ரீச் 374. பார்த்ததும் என்ன தோன்றும்? டொமானே உயரமானது, ஒரு செ.மீ. குட்டையானது என்று தோன்றும். உயரம் சரிதான். குட்டை என்பது அவ்வளவு சரியில்லை.

ஹெட் டியூப் செங்குத்தாக நிற்பதில்லை, பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. 73 டிகிரி சாய்வில், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெமுக்குக் கீழே 10 மி.மீ. ஸ்பேசர் (உயரம் கூட்டும் வளையம்) போட்டால் ஹேண்டில்பார் ஏறத்தாழ 10 மி.மீ. உயர்வதோடு 3 மி.மீ. பின்னாலும் வரும். எமோண்டாவில் 35 மி.மீ. ஸ்பேசர் அடுக்கி டொமானேயின் உயரத்துக்குக் கொண்டுவந்தால் ரீச் 10 மி.மீ. குறைந்து 374 ஆகிவிடும். அதாவது ஹேண்டில்பாரை ஒரே உயரத்தில் வைத்தால் இரண்டு பைக்கும் உங்கள் கைக்கு ஒரே நீளம்தான். ஒரு பைக்கின் ரீச்சை மட்டும் தனியாக எடுத்து இன்னொன்றோடு ஒப்பிடுவதில் பயனில்லை என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். உயரத்தைச் சமப்படுத்திய பிறகு மிஞ்சும் ரீச்தான் உண்மையான வித்தியாசம். ஸ்டாக்கில் ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் ரீச்சில் 3 மி.மீ. கழித்துப் பாருங்கள், போதும்.

அப்படியானால் எமோண்டாவை வாங்கி ஸ்பேசரை அடுக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். கார்பன் ஸ்டீரரில் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலிருந்து ஹெட் டியூப் வழியாக மேலே வந்து ஸ்டெமைத் தாங்கும் குழாய்) எத்தனை மி.மீ. ஸ்பேசர் வரை போடலாம் என்று நிறுவனம் ஒரு வரம்பு வைத்திருக்கும், அதைத் தாண்டக் கூடாது. வரம்பு முழுவதையும் முதல் நாளே செலவழித்துவிட்டால் பிறகு கொஞ்சம் உயர்த்த வேண்டும் என்றால் இடம் இருக்காது. உங்கள் உடம்பு கேட்கும் இடம் ஸ்பேசர் வரம்பின் நடுவில் வரும் ஃபிரேம்தான் உங்களுக்கு ஏற்ற ஃபிரேம்.

சரி, உடம்பு கேட்கும் இடம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் நிறையப் பேர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள், ஹேண்டில்பாரிலிருந்து. கால்தான் முதலில். கால் சீட்டின் இடத்தை முடிவு செய்யும், சீட் இடுப்பின் இடத்தை, அதற்குப் பிறகுதான் கை.

வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை முதுகுப்பக்கம் சுவரில் படும்படி கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அந்த அளவுக்கு மேலே இழுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரைவரை உள்ளதுதான் இன்சீம். உங்கள் உயரத்துக்கு அது 77, 78 செ.மீ. இருக்கலாம், ஆனால் கட்டாயம் அளந்து பாருங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு 4 செ.மீ. கூட வித்தியாசப்படும். சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பெயரால் வழங்கும் கணக்குப்படி இன்சீமை 0.883-ஆல் பெருக்கினால் பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை வரும் உயரம். 78 என்றால் 68.9 செ.மீ. இது தொடங்கும் இடம் மட்டுமே. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது; பின்பக்கம் இழுத்தாலோ மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினாலோ உயர்ந்திருக்கிறது. ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள்.

அடுத்தது சீட் எவ்வளவு பின்னால் இருக்க வேண்டும் என்பது. ஃபிரேமின் சீட் டியூப் (சீட் குழாய்) கோணம் வேலை செய்வது இங்கேதான். ரோடு பைக்கில் இது 73-லிருந்து 74.5 டிகிரி வரை இருக்கும். உங்கள் சீட் உயரத்தில் ஒரு டிகிரி கூடினால் சீட் சுமார் 12 மி.மீ. முன்னால் வரும். சீட்டை அதன் தண்டவாளத்தில் பின்னுக்குத் தள்ளி ஓரளவு ஈடுகட்டலாம், போதாவிட்டால் பின்வளைவு கூடிய சீட் போஸ்ட் போடலாம். மேல் குழாயின் நீளத்தை வைத்து பைக் வாங்குகிறவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். இரண்டு ஃபிரேமிலும் மேல் குழாய் 54 செ.மீ. என்று போட்டிருக்கும், ஒன்றில் சீட் டியூப் 73 டிகிரி, இன்னொன்றில் 74. ஸ்டாக் ஒன்றாகவே இருந்தாலும், சீட்டை இரண்டிலும் பெடலுக்குப் பின்னால் ஒரே தூரத்தில் வைத்தால் 74 டிகிரிக்காரன் ஒரு செ.மீ. நீளமாகிவிடுவான்.

இப்போது உங்கள் விரல் மரத்துப்போன கதைக்கு வருகிறேன். சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் மரத்தால் அது அல்நார் நரம்பு, உள்ளங்கையின் வெளிப்பக்கமாகப் போவது. அதன் மீது உடல் எடை அழுந்தியிருக்கிறது. கை வலிக்கிறது என்றால் உடனே ஹேண்டில்பாரை உயர்த்தச் சொல்வார்கள். அதற்கு முன்னால் சீட்டைப் பாருங்கள். சீட் மிகவும் முன்னால் இருந்தாலோ, மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருந்தாலோ உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்கிப் பிடிக்கும் வேலை முழுக்க உள்ளங்கைக்கு வரும். பைக்கை டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) மாட்டி, நடுத்தர வேகத்தில் மிதித்துக்கொண்டே கையை ஹூடிலிருந்து (பிரேக் லீவரின் மேல் உள்ள ரப்பர் பிடி) ஒரு விரல்கடை மட்டும் தூக்கிப் பாருங்கள். முதுகு அதே இடத்தில் நின்றால் சமநிலை சரி. முன்னால் கவிழ்ந்துவிடுவீர்கள் போல இருந்தால் சீட்டை 5 மி.மீ. பின்னால் தள்ளி மறுபடியும் பாருங்கள். கை வலியில் பாதி இதிலேயே தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கழுத்து வேறு விஷயம். அது ஸ்டாக் குறைவின் வலி. கை கீழே போகப் போக முதுகு மடங்கும், சாலையைப் பார்க்கத் தலையை அந்த அளவுக்கு மேலே நிமிர்த்த வேண்டும். பந்தயம் ஓட்டுகிறவர் காற்றைக் கிழிக்க அப்படி உட்காருகிறார், அதற்கான வயிற்றுத் தசையும் இடுப்பு வளைவும் அவருக்கு உண்டு. ஹைப்ரிடில் நிமிர்ந்து உட்கார்ந்து பழகிய உடம்புக்கு ஒரே நாளில் அது வராது. ரீச் அதிகமாக இருந்தால் இன்னொரு அடையாளம் தெரியும்: முழங்கை மடங்காமல் விறைத்து நேராக நிற்கும், சாலையின் ஒவ்வொரு அதிர்வும் நேரே தோளுக்கு ஏறும். பக்கவாட்டில் யாரையாவது ஒரு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஹூடைப் பிடித்திருக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், தோள் காதை நோக்கி ஏறியிருக்கக் கூடாது.

ஒரு செ.மீ. இரண்டு செ.மீ. பிழைகளை ஸ்டெமால் சரிசெய்ய முடியும். 100 மி.மீ. நீள, 6 டிகிரி ஸ்டெமைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டினாலே ஹேண்டில்பார் 2 செ.மீ. உயரும், 6 மி.மீ. கிட்டே வரும். செலவில்லாத வேலை, ஒரு ஆலன் கீ போதும். ஆனால் இப்போது வரும் விலை உயர்ந்த பைக்குகளில் கேபிள்கள் ஸ்டெமுக்கு உள்ளே ஓடுகின்றன. அவற்றில் பலவற்றில் ஸ்டெமைத் திருப்பவே முடியாது, மாற்றுவதென்றால் பிரேக் குழாய்களைப் பிரிக்க வேண்டிவரலாம். ஃபிரேம் அளவில் தவறு நேர்ந்தால் இவற்றில் ஈடுகட்டுவது கஷ்டம், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாருக்கும் சொந்த ரீச் உண்டு. 70 மி.மீ. ரீச் உள்ள காம்பாக்ட் பார் போட்டால், 80 உள்ளதைவிட ஹூட் ஒரு செ.மீ. கிட்டே வந்துவிடும். 80 மி.மீ.க்குக் குறைவான ஸ்டெம் போட்டால்தான் கை எட்டும் என்ற நிலை வந்தால் ஃபிரேமே பெரியது என்று பொருள்.

168 செ.மீ.க்குக் கீழே உள்ளவர்களுக்காக ஒரு விஷயம். நம்மில் பலர், அதிலும் பெண்கள், 50-க்கும் கீழான அளவுகளில்தான் வருவார்கள், அங்கே ஜியாமெட்ரியின் கணக்கு மாறுகிறது. சக்கரம் எல்லா அளவுக்கும் அதே 700சி, ரோடு பைக்கின் வழக்கமான சக்கர அளவு. ஃபிரேமைச் சுருக்கினால் முன் சக்கரம் ஷூவின் நுனியில் இடிக்கும். அதைத் தவிர்க்க வடிவமைப்பாளர்கள் ஹெட் டியூபை 71 டிகிரிக்கும் கீழே சாய்ப்பார்கள், சீட் டியூபை 74.5-க்கு நிமிர்த்துவார்கள். விளைவு, அட்டவணையில் மேல் குழாய் நன்றாகக் குறைந்ததுபோலத் தெரியும். ரீச் அந்த அளவுக்குக் குறைந்திருக்காது. நான் சொன்ன எமோண்டாவிலேயே 54-க்கும் 50-க்கும் நடுவே ரீச் வித்தியாசம் ஒரு செ.மீ. அளவுதான். சிறிய ஃபிரேம் வாங்கியும் எட்டவில்லை என்று சொல்பவர்களின் குறை உண்மையானது. அவர்கள் இன்னும் சிறிய அளவைத் தேடுவதைவிட, ரீச் குறைந்த வேறு மாடலையோ அதைவிடச் சிறிய 650பி சக்கரத்துக்கென்றே செய்த ஃபிரேமையோ தேடுவது நல்லது. கடையிலேயே கிராங்கைக் கிடையாக முன்னால் வைத்து, ஓட்டப்போகும் ஷூவோடு பெடலில் காலை வைத்து, ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நுனி லேசாக உரசினால் பயப்பட வேண்டாம், ஓடும் வேகத்தில் அவ்வளவு திருப்ப மாட்டோம்; நெரிசலில் நின்று நின்று போகிறவர்களுக்குத்தான் அது தொந்தரவு. சிறிய ஃபிரேமில் 172.5 மி.மீ. நீளக் கிராங்க் வந்தால் 165-க்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். முழங்காலுக்கும் நல்லது, உரசலும் குறையும்.

ஓட்டும்போது பைக் எப்படி நடந்துகொள்கிறது என்பது இன்னொரு கூட்டம் எண்களின் வேலை. ஹெட் டியூப் கோணமும் ஃபோர்க்கின் வளைவும் சேர்ந்து டிரெயில் என்ற அளவைத் தருகின்றன. ஸ்டீரரின் அச்சுக்கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம் அது. 73 டிகிரி, 45 மி.மீ. வளைவுள்ள ஃபோர்க் என்றால் டிரெயில் ஏறத்தாழ 56 மி.மீ. ஃபோர்க்கை மாற்றாமல் கோணத்தை 72 ஆக்கினால் 62. டிரெயில் கூடினால் பைக் தானாகவே நேராக ஓடப் பார்க்கும், குறைந்தால் சட்டென்று திரும்பும். எமோண்டா 54-ன் இரு சக்கர அச்சுகளுக்கு இடைத்தூரம் சுமார் 98 செ.மீ., டொமானேயுடையது 101 செ.மீ. பின்னதில் பாட்டம் பிராக்கெட்டும் சக்கர அச்சிலிருந்து 80 மி.மீ. கீழே இறங்கியிருக்கும், எமோண்டாவில் 70 மி.மீ. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது எமோண்டா மாதிரியான பைக்கின் துடிப்பு அருமையாக இருக்கும். பிரெவேயில் பதினோராவது மணி நேரத்தில், தூக்கமும் தாகமும் சேர்ந்து பாட்டிலை எடுக்க ஒரு கையை விடும்போது, தன் போக்கில் நேராகப் போகும் பைக்தான் வேண்டும். 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். அவ்வளவு நேரம் சின்னச் சின்னத் திருத்தம் செய்துகொண்டே ஓட்டுவதும் ஒரு களைப்பு.

அதிர்வு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில் விளம்பரங்கள் நிறையக் குழப்பியிருக்கின்றன. நிமிர்ந்து உட்கார்வதும் அதிர்வு குறைவதும் இரண்டு தனி விஷயங்கள். முதலாவது ஜியாமெட்ரி, இரண்டாவது பெரும்பாலும் டயர். இரண்டு முக்கோணங்கள் சேர்ந்த ஃபிரேம் மேலும் கீழும் கிட்டத்தட்ட அசையவே அசையாது. பள்ளத்தில் விழும்போது நசுங்கிக் கொடுப்பது டயரின் காற்று, அதற்கடுத்து வெளியே நீண்டிருக்கும் சீட் போஸ்ட். எண்டியூரன்ஸ் பைக்கின் பெரிய நன்மை, அகலமான டயருக்கு இடம் இருப்பதுதான் என்பேன். 2004-ல் வந்த ஸ்பெஷலைஸ்டு ரூபே, 2012-ல் வந்த டொமானே, இவையெல்லாம் பாரிஸ்–ரூபே, ஃபிளாண்டர்ஸ் மாதிரியான கல் பாவிய பாதைப் பந்தயங்களை மனதில் வைத்துப் பிறந்தவை. டொமானேயில் சீட் டியூபை மேல் குழாயோடு இறுக்காமல் கொஞ்சம் வளைய விட்டார்கள், அது வேலை செய்கிறது. ஆனாலும் 25 மி.மீ. டயரில் 100 பி.எஸ்.ஐ. அடித்து ஓட்டுகிறவர் 32 மி.மீ.க்கு மாறிக் காற்றைக் குறைத்தால் கிடைக்கும் நிம்மதி எந்த ஃபிரேமிலும் கிடைக்காது. 65 கிலோ எடைக்கு 28 மி.மீ. டயரில் 70 பி.எஸ்.ஐ. பக்கம் தொடங்கி, உங்களுக்குப் பிடிக்கும் வரை இரண்டு இரண்டாக இறக்குங்கள். டயரில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் என் முடிவு: எண்டியூரன்ஸ் வகை, 52 பக்கம். இன்சீம் 78-ஐ ஒட்டி இருந்தால் ஸ்டாக் 550-லிருந்து 565 மி.மீ., ரீச் 365-லிருந்து 375 மி.மீ. உள்ள ஃபிரேம்களை மட்டும் பட்டியலிடுங்கள், அவற்றின் மேல் என்ன எண் எழுதியிருந்தாலும் சரி. இன்சீம் 75 மட்டுமே என்றால் உடம்பின் மேல்பாதி நீளம், அதே ஸ்டாக்குக்கு ரீச் ஒரு செ.மீ. கூடுதலாகத் தாங்கும். 81 என்றால் நேர்மாறு: கால் நீளம், சீட் உயரமாகப் போகும், அதற்கு ஈடாக ஸ்டாக் கூடியதாகப் பாருங்கள். நண்பரின் பைக்கையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். ஸ்பேசர் எத்தனை, ஸ்டெம் நீளம் எவ்வளவு, சீட்டின் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் நடுவரை எவ்வளவு என்று குறித்துக்கொண்டால், எந்த இடம் உங்களுக்கு வலித்தது என்பது எண்ணாகக் கையில் இருக்கும். அந்த அளவிலிருந்து ஹேண்டில்பார் 3 செ.மீ. உயரமாகவும் ஒன்றரை செ.மீ. கிட்டேயும் வந்தால் நல்ல தொடக்கம்.

புதிய பைக்காக இருந்தால் கடையில் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அழகுக்காக ஸ்டீரரை டெலிவரி அன்றே வெட்டிவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மிச்சமிருக்கும் ஸ்பேசர்களை ஸ்டெமுக்கு மேலே போட்டு மூடித் தரச் சொல்லுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, முதுகு வளைந்து பழகி, ஸ்டெம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று தெரிந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம். பழைய பைக் வாங்குவதென்றால், முன்னவர் ஸ்டீரரை எங்கே வெட்டியிருக்கிறார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஸ்டெமுக்குக் கீழே ஸ்பேசரே இல்லாமல் வெட்டப்பட்ட 52, அட்டவணையில் எவ்வளவு பொருத்தமாகத் தெரிந்தாலும் உங்களுக்கு ஆகாது.